கவுந்தப்பாடியிலிருந்து அறுபது பேனா

மார்ச் 10, திங்கள்

காலை பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை நாற்பத்தொரு பேருக்குப் போன் போட்டேன். இருபத்து மூன்று பேர் முடியாது என்றார்கள். ஒன்பது பேர் எடுக்கவே இல்லை. மீதிப் பேர் பார்க்கலாம் என்று இழுத்தார்கள். தொண்டை கட்டிப்போனதுதான் மிச்சம்.

எங்கள் ‘துணைக்கை’யின் வேலை சின்னது. பார்வையில்லாத பிள்ளைகள் பரீட்சையில் சொல்லச் சொல்ல, பக்கத்தில் உட்கார்ந்து எழுத ஆள் பிடித்துக் கொடுப்பது. சம்பளம் கிடையாது. பஸ் காசு, மத்தியானச் சாப்பாடு, அவ்வளவுதான். எழுத வருகிறவர் அந்தப் பிள்ளையைவிட ஒரு படி குறைவாகப் படித்திருக்க வேண்டும் என்று கல்லூரிகளில் விதி. ஈரோட்டில் டிகிரி வாங்கினவர்கள் கொட்டிக் கிடக்கிறார்கள். வாங்காதவர்களைத் தேடித்தான் நான் அலைகிறேன்.

கோகிலவாணிக்கு ஏப்ரல் ஒன்பதாம் தேதி பரீட்சை. பி.ஏ. வரலாறு, கடைசி வருடம். நவம்பரில் எழுத ஆள் வராமல் ஒரு பேப்பர் அரியர் விழுந்துவிட்டது. இந்த முறையும் விட்டுப்போனால் பி.எட். சேர முடியாது. “படிச்சவரைக்கும் போதும், ஊட்ல இரு” என்று அவள் அப்பா சொல்லிவிட்டாராம்.

ஹேமப்பிரபாவைக் கேட்டேன். போன வருடம் ஐந்து பேப்பர் எழுதிக் கொடுத்த பிள்ளை. எடுத்த எடுப்பிலேயே வெடுக்கென்று விழுந்தாள்.

“பரீட்சைன்னா மட்டுந்தான் எங்க நெம்பர் ஞாபகம் வருதுங்களாக்கா? முடிஞ்ச மக்காநாளு ஒரு போனைப் போட்டு, நல்லாருக்கியான்னு கேட்டிருக்கீங்களா?”

ஏன் இவ்வளவு கோபம் என்று தெரியவில்லை.

மார்ச் 14, வெள்ளி

பேனாப் பார்சல் வந்துவிட்டது. வருடா வருடம் மார்ச் மாதம், கோபி பஸ்ஸில், கண்டக்டர் கையில் வரும். இது ஒன்பதாவது வருடம். செருப்புக் கடை அட்டைப்பெட்டியில் நீலப் பேனா அறுபது. பத்துப் பத்தாக ஆறு கட்டு. அனுப்பியவர் பெயர் கிடையாது. கண்டக்டரைக் கேட்டால், சொல்லக் கூடாதென்று சொல்லியிருக்கிறார் என்பார்.

எனக்கென்று ஒரு விதி உண்டு. யார் எது கொடுத்தாலும், ஒரு குயர் பேப்பரே கொடுத்தாலும், மூன்று நாளுக்குள் என் கையால் எழுதிய நன்றிக் கடிதம் போய்விடும். என் நோட்டில் கடிதம் போகாத ஒரே ஆள் இவர்தான். பெயர் எழுத வேண்டிய இடத்தில் ஒன்பது வருடமாக ‘கோபி பஸ்’ என்று எழுதி வைத்திருக்கிறேன்.

பெட்டியைத் திறந்ததும் தும்மல். ஒவ்வொரு வருடமும் தும்முகிறேன். இன்று எண்ணிப் பார்த்தேன், பதினொன்று.

“விடுங்க ருக்மணியம்மா, பேரு சொல்லப் பிரியமில்லாதவங்க நாலு பேரு இருக்கத்தான் செய்வாங்க” என்றார் வெள்ளியங்கிரி சார். சார்தான் எங்கள் செயலாளர். பிறவியிலேயே பார்வை கிடையாது. மனிதர் எதையும் விட்டுவிடுவார், என்னால் எதையும் விட முடியாது. எப்படித்தான் இத்தனை வருடம் ஒரே அறையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறோமோ.

மார்ச் 15, சனி

ஒவ்வொரு கட்டையும் ஒரு துண்டுத்தாளால் சுற்றியிருப்பார். பேனா எழுதுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கட்டுவார் போல. தாளில் பத்து வரி இருக்கும், பேனாவுக்கு ஒரு வரி. எட்டு வருடமும் கசக்கிக் குப்பையில் போட்டேன். இந்த வருடம் கோகிலாவுக்கு ஆள் கிடைக்காத எரிச்சலில் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஒரு தாளைப் பிரித்துப் படித்தேன்.

பேனா பார்ப்பவர்கள் என்ன எழுதுவார்கள்? கிறுக்குவார்கள். பிள்ளையார் சுழி போடுவார்கள். சொந்தப் பெயரை எழுதுவார்கள். இவர் எழுதியிருப்பது, “காரன்வாலிஸ் பிரபு 1793ஆம் ஆண்டு.”

ஆறு தாளையும் மேசையில் பரப்பி, மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். அரைமணி நேரத்தில் பிடிபட்டுவிட்டது. அறுபது வரியும் சேர்ந்து ஒரே பதில். நிரந்தர நிலவரித் திட்டம் பற்றிய கட்டுரை.

யாரப்பா நீ?

மார்ச் 17, திங்கள்

சாரிடம் படித்துக் காட்டினேன். முதல் மூன்று தாள் வரைக்கும் சிரித்துக்கொண்டே கேட்டார், “வரலாத்து வாத்தியாரா இருப்பாரு” என்றார். நான்காவது தாளில் சிரிப்பு நின்றது. ஆறாவது தாளின் கடைசி வரி இது: “குறித்த நாளில் சூரியன் மறைவதற்குள் வரி கட்டாவிட்டால் ஜமீன் ஏலத்துக்கு வரும்.”

அதோடு அறுபது பேனா தீர்ந்துவிட்டது. நான் தாளைக் கீழே வைத்தேன். சார் தொடர்ந்து சொன்னார்:

“ஆனால் உழுதவனுக்கு மட்டும் எந்த உரிமையும் எழுதித் தரப்படவில்லை.”

புத்தகத்தில் வருகிற வரியா என்று கேட்டேன்.

“புத்தகத்துல இல்லீங்க. அது என்ற சொந்த வரி. பிளஸ் டூ பரீட்சையில சொன்னது. கடைசிக் கேள்விக்கு.”

பிறகு மெதுவாக மற்றதையும் சொன்னார். அவருடைய ஊரில் ஒரு முதலாளி, விடுதியில் சேர்த்துக் கல்லூரிச் செலவு முழுவதையும் ஏற்பதாகச் சொல்லியிருந்தாராம். வரலாற்றில் நூற்றைம்பது வாங்க வேண்டும் என்பது நிபந்தனை. நூற்று முப்பத்தெட்டுதான் வந்தது. இரண்டு வருடம் பஸ்ஸில் ஊதுபத்தி விற்றிருக்கிறார். பிறகுதான் தட்டுத்தடுமாறிக் கல்லூரிக்குப் போனது.

“எனக்கு அந்தக் கட்டுரை மேல அவ்வளவு நம்பிக்கைங்க. அதுக்கே மார்க்கு விழலைன்னா நம்ம சரக்கு இவ்வளவுதான்னு நெனச்சுக்கிட்டேன்.”

“அன்னைக்கு உங்களுக்கு எழுதுனது யாருங்க சார்?”

“பத்தாவது படிக்கற பையன் ஒருத்தன். பேரு கேட்டேன், மறந்துபோச்சு.”

மார்ச் 18, செவ்வாய்

சார் இன்று தபால்களைக்கூடப் படிக்கச் சொல்லவில்லை. டீ ஆறிப்போய் அப்படியே இருந்தது.

மார்ச் 20, வியாழன்

போயே விட்டேன். சாரிடம் பல்வலி என்று லீவு சொன்னேன்.

பஸ் ஸ்டாண்டில் கோபி பஸ் கண்டக்டரைப் பிடித்து, விடாமல் நச்சரித்தேன். “கவுந்தப்பாடியில ஏத்துவாருங்க, தலையெல்லாம் வெள்ளையா மாவு ஒட்டியிருக்கும்” என்றார். எனக்கு அப்போதுதான் என் தும்மல் புரிந்தது. மிளகாய்ப்பொடி. மாவு மில்லில் இருக்கும் பெட்டி.

கவுந்தப்பாடியில் மாவு மில் மூன்று. முதல் இரண்டிலும் இல்லை. மூன்றாவதில் உள்ளே நுழைந்ததுமே தெரிந்துவிட்டது. சுவரில் கூலி விவரம் எழுதி மாட்டியிருந்தார்கள். மிளகாய், மல்லி, கம்பு, ராகி. அந்த ‘ள’வும் அந்த ‘கா’வும் என் கைப்பையிலிருந்த தாளில் உள்ளவைதான்.

பெயர் சென்னியப்பன். நாற்பத்து மூன்று வயது. நான் துணைக்கையிலிருந்து வருகிறேன் என்றதும் ஓடிக்கொண்டிருந்த மிஷினை நிறுத்தினார். வரிசையில் நின்ற இரண்டு பெண்களை, “சித்த நேரம் கழிச்சு வாங்கம்மணி” என்று அனுப்பிவிட்டு, எனக்கு ஒரு முக்காலி போட்டார். நன்றிக் கடிதத்தை நீட்டினேன். வாங்கவில்லை.

“அதெல்லாம் எனக்கு வேண்டாமுங்க.”

நான் துண்டுத்தாளை எடுத்து மடியில் வைத்தேன். கடைசியில் சார் சொன்ன அந்த ஒரு வரியை மட்டும் சொன்னேன். உழுதவனுக்கு மட்டும். மனிதர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“எனக்கு அப்பப் பத்தாவதுங்க. எங்க வாத்தியாரு போய் எழுதிக்குடுடான்னு அனுப்பிச்சாரு. ஒரே ஒரு பேனாத்தான் கொண்டுபோனேன். கடைசிக் கேள்விக்கு வரவும் அது நின்னுபோச்சுங்க. சத்தமாப் பேசறேன்னு மேற்பார்வைக்கு நின்ன சார் அதுக்குச் சித்த முன்னாடிதான் என்னையத் திட்டியிருந்தாரு. எந்திரிச்சுப் பேனா கேக்கப் பயமுங்க. அவுரு பாட்டுக்குச் சொல்லிக்கிட்டே இருக்கறாரு. நானு வெறும் பேனாவ ஓட்டிக்கிட்டே இருந்தேன்.”

“ஓட்டிக்கிட்டுன்னா?”

“காயிதத்துல தேச்சேனுங்க. அவுருக்குச் சத்தம் கேக்கோணுமில்லீங்களா.”

காய்ந்த பேனாவுக்கும் ஓடுகிற பேனாவுக்கும் சத்தம் ஒன்றுதானே. அதை யாரும் யோசித்திருக்க முடியாது.

“அவுரு சொன்னதையெல்லாம் மனசுல புடிச்சு வெச்சுக்கிட்டா எப்படியாச்சும் கடைசீல எழுதிப்போடலாம்னு நெனச்சேன். பெல்லடிச்சுப்போச்சு. எழுதிட்டியா தம்பீன்னாரு. எழுதிட்டேனுங்கண்ணான்னேன். இருபத்தெட்டு வருசமாச்சுங்க, அந்தப் பதிலு மனச உட்டுப் போக மாட்டீங்குது. பேனா எடுத்தா அதுதான் வருது. ஒம்பது வருசத்துக்கு முன்னாடி பேப்பர்ல துணைக்கையப் பத்திப் போட்டிருந்ததுல அவுரு படத்தப் பாத்தேனுங்க, அப்பருந்து அனுப்பறேன்.”

சாரிடம் சொல்லிவிடாதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டார். நான் எழுந்து வந்தேன். பஸ்ஸில் வரும்போது அவர் மேல் கோபப்படத்தான் பார்த்தேன். முடியவில்லை.

ஏன் முடியவில்லை என்று எழுதிவிடுகிறேன். நவம்பரில் கோகிலாவுக்கு ஆள் வராமல் போகவில்லை. கல்லூரியில் தேதியை ஒரு நாள் முன்னால் தள்ளினார்கள். தகவல் எனக்குத்தான் வந்தது. எழுத வர வேண்டிய ஹேமாவுக்குச் சொல்ல மறந்துவிட்டேன். சார் கேட்டபோது, “அந்தப் புள்ளை வரலீங்க சார்” என்றேன்.

மார்ச் 21, வெள்ளி

“பல்லு எப்படி இருக்கு?” என்றார் சார்.

“பரவால்லீங்க சார்.”

“பல் டாக்டர்கிட்ட மிளகாப்பொடி வாசமெல்லாம் அடிக்குமுங்களா?”

நேற்றுக் கொண்டுபோன கைப்பையேதான் இன்றைக்கும் தோளில். ஒன்றும் மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். சார் மன்னித்துவிடுவார் என்று நான் நினைத்திருந்தேன். அப்படி நடக்கவில்லை.

“ரெண்டு வருசம் ஊதுபத்தி வித்தேன் ருக்மணியம்மா. கண்ணு தெரியாதவன்னு பத்து ரூவாய்க்குப் பதிலா வெறும் காயிதத்த மடிச்சுக் குடுத்தவன் உண்டு. ஒரு பேனா கேட்டிருந்தா முடிஞ்சுபோற சோலி.”

கைத்தடியை எடுத்துக்கொண்டு பதினோரு மணிக்கே வீட்டுக்குப் போய்விட்டார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். நான் ஒரு அரைப்பைத்தியம்.

மார்ச் 24, திங்கள்

சார் வரவில்லை. ஹேமாவுக்குப் போன் செய்து, நவம்பர் விஷயத்தில் தப்பு என்னுடையது, உன் மேல் பழியைப் போட்டுவிட்டேன் என்று சொன்னேன்.

“இத அன்னைக்கே சொல்லியிருந்தா நான் ஓடி வந்திருப்பேனுங்கக்கா. ஒம்பதாந்தேதி இப்ப எனக்கே பரீட்சை.”

சாயங்காலம் கோகிலாவைப் பார்த்து அவளிடமும் சொன்னேன். அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. “எனக்குத் தெரியுங்க. ஹேமாக்கா அப்பவே சொல்லிட்டாங்க. நீங்களா வந்து சொல்லுவீங்கன்னு இருந்தேன்” என்றாள். திட்டியிருந்தால்கூட இவ்வளவு சுட்டிருக்காது.

மார்ச் 25, செவ்வாய்

இன்று முப்பது பேருக்குப் போன். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. சும்மா நலம் விசாரித்தேன். பாதிப் பேர் நம்பவில்லை. “சரிங்கக்கா, எந்தத் தேதிக்கு வரோணும்னு சொல்லுங்க” என்று அவர்களே கேட்டார்கள். ஒன்றுமில்லை என்றால், “என்னாச்சுங்க, ஒடம்பு சரியில்லீங்களா?” என்கிறார்கள்.

பெருந்துறையில் தையல்கடை வைத்திருக்கும் பரிமளாவுக்கு இரட்டைக் குழந்தை பிறந்து எட்டு மாதம் ஆகிறது. இத்தனைக்கும் எங்கள் பிள்ளைகளுக்குப் பதினெட்டுப் பரீட்சை எழுதிக் கொடுத்தவள். எனக்குத் தெரியவே தெரியாது. ஊர் வம்பையெல்லாம் மூக்கை நுழைத்துத் தெரிந்துகொள்கிறவள் நான். எனக்காக வந்து எழுதியவர்கள் வீட்டில் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்கத் தோன்றவில்லை.

மார்ச் 27, வியாழன்

சார் வந்தார். தபால்களைப் படிக்கச் சொன்னார். கோகிலாவுக்கு ஆள் கிடைத்ததா என்றார். இல்லை என்றேன். பதின்மூன்று நாள்தான் இருக்கிறது என்றார். தெரியும் என்றேன்.

பிறகு சம்பந்தமே இல்லாமல் கேட்டார்.

“அவரு எதுவரைக்கும் படிச்சிருக்காரு?”

யார் என்று நான் கேட்கவில்லை. “பன்னெண்டாவதுங்க சார். சுவத்துல மில்லு லைசன்ஸ் பக்கத்துல மார்க் ஷீட்டையும் மாட்டி வெச்சிருக்காரு.”

“அப்ப விதிப்படி செல்லும்.”

அவ்வளவுதான் பேச்சு. நான் உடனே கவுந்தப்பாடிக்குப் போன் போட்டேன்.

மார்ச் 29, சனி

சென்னியப்பன் வந்தார். வெள்ளைச் சட்டை, புதுச் செருப்பு. படியேறி வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே வாங்க என்று மூன்று முறை கூப்பிட வேண்டியிருந்தது. சார் எழுந்து கையை நீட்டினார். அதைப் பிடித்துக்கொண்டு அந்த மனிதர் அழுதார். சார் கையை எடுக்கவில்லை.

கோகிலாவுக்கு எழுத வேண்டும் என்று நான்தான் பேச்சைத் தொடங்கினேன். சென்னியப்பன் பின்னுக்கு நகர்ந்துவிட்டார்.

“என்னைய உட்டுருங்கம்மணி. ஒருத்தரு வாழ்க்கைல வெளயாடினது போதும். பேனா வேணும்னா நூறு, எரநூறு அனுப்பறேன். அந்தப் புள்ள பக்கத்துல உக்கார்றதுக்கு எனக்கு யோக்கியத இல்லீங்க.”

சார் தொண்டையைச் செருமினார்.

“தம்பி, அன்னைக்குக் கேள்வி என்னன்னு ஞாபகம் இருக்குதா?”

“கேள்வி ஞாபகமில்லீங்கண்ணா. பதிலு மட்டுந்தான்.”

“கேட்டது ரயத்துவாரி முறையப் பத்தி. நான் அவசரத்துல நிரந்தர நிலவரியச் சொல்லிட்டேன். பின்னாடி கேள்வித்தாளப் படிக்கச் சொல்லிக் கேட்டப்பத்தான் எனக்கே தெரிஞ்சுது. நீ பக்கம் பக்கமா எழுதியிருந்தாலும் சுழியந்தான் போட்டிருப்பாங்க. என்ற சீட்டு போனதுக்கும் உன்ற பேனாவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல.”

சென்னியப்பன் சாரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “நெசமாலுங்களாண்ணா?”

“நெசந்தான். வெறும் பேனாவ ஓட்டுனது தப்பு, அதுல மாத்தமில்ல. அதுக்கு ஒம்பது வருசம் பேனா அனுப்பிட்ட. இப்ப இந்தப் புள்ளைக்கு எழுதிக் குடு.”

சென்னியப்பன் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று என்னிடம் கேட்டார். எனக்கோ வேறொன்று உறுத்திக்கொண்டிருந்தது. பதினேழாம் தேதி அவ்வளவு சொன்ன மனிதர் இதை ஏன் சொல்லவில்லை?

ஏப்ரல் 8, செவ்வாய்

நாளை பரீட்சை. சென்னியப்பனுக்கு நான்கு முறை போன் செய்துவிட்டேன். தேதி, நேரம், அறை எண், கல்லூரி வாசல். நான்காவது முறை அவர் மனைவி எடுத்து, “தூங்கிட்டாருங்க, காத்தால அஞ்சு மணிக்கே கெளம்பறாரு” என்றார். இருந்தாலும் கல்லூரிக்கும் ஒரு போன் போட்டுத் தேதி மாறவில்லை என்று உறுதி செய்துகொண்டேன்.

ஏப்ரல் 9, புதன்

அவர் எட்டரைக்கே வந்து நின்றார். சட்டைப்பையில் ஆறு பேனா. ஆறையும் என் உள்ளங்கையில் எழுதிக் காட்டினார். கோகிலா தன் பங்குக்கு ஆறையும் கையில் வாங்கி மூடியைத் திறந்து மூடிப் பார்த்தாள்.

மூன்று மணி நேரமும் நானும் சாரும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். சார் இரண்டு தரம் மணி கேட்டார். நான் ஒரு கிலோ நிலக்கடலையைத் தனியாகத் தின்று தீர்த்திருப்பேன்.

கோகிலா சிரித்துக்கொண்டே வந்தாள். “ஒவ்வொரு பக்கம் முடியறப்பயும் திருப்பிப் படிச்சுக் காட்டினாருங்க. கமா எங்க வெச்சாருன்னுகூடச் சொன்னாரு. எனக்கே சலிச்சுப்போச்சு.”

அவள் பின்னால் சென்னியப்பன். கை விரலெல்லாம் மை. சார் எழுந்து நின்றார்.

“எழுதிட்டியா தம்பி?”

“எழுதிட்டேனுங்கண்ணா.”

ஏப்ரல் 11, வெள்ளி

பிள்ளைகளுக்குப் பயிற்சிக்காகப் பழைய கேள்வித்தாள்களைக் கட்டுக்கட்டாகப் பரணில் போட்டு வைத்திருக்கிறோம். இரண்டு நாளாக என் கண் அந்தப் பக்கமே போய்க்கொண்டிருந்தது. இன்று ஸ்டூல் போட்டு ஏறினேன். தூசியில் மறுபடியும் தும்மல். மார்ச் 1997, பிளஸ் டூ வரலாறு, சார் எழுதிய அதே பரீட்சை. கடைசிக் கேள்வி, மஞ்சள் பாரித்த தாளில் பளிச்சென்று இருந்தது.

‘நிரந்தர நிலவரித் திட்டத்தின் நன்மை தீமைகளை விவரி.’

கீழே இறங்கி சாரின் மேசைக்கு முன்னால் நின்று, அதைச் சத்தமாகப் படித்தேன். வருடத்தையும் மாதத்தையும் சேர்த்துப் படித்தேன். சார் கொஞ்ச நேரம் விரலால் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

“ருக்மணியம்மா, உங்களுக்குக் கண்ணாடி மாத்தற வயசாச்சுங்க.”

நான் தாளை மடித்தேன்.

“ஆமாங்க சார். மாத்தோணும்.”